சிஸ்டரிடம் கேளுங்கள்: அப்பாவின் வென்டிலேட்டர் குழாயை எடுத்தால் பாவமா?

செவிலியராக நெடுங்காலம் பணிசெய்து, இப்போது பாபநாசம், திருக்காட்டுப்பள்ளி வட்டாரக் கிராமங்களில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனித்துவரும் அருட்சகோதரி, வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். கடிதங்கள் சுருக்கித் தரப்பட்டுள்ளன.

கேள்வி: சிஸ்டர், எங்கள் அப்பாவுக்கு 81 வயது. மூளையில் பெரிய ரத்தக்கசிவு. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் இருக்கிறார். மூன்றாவது வாரம் ஓடுகிறது. கிட்னியும் நின்றுவிட்டது. நினைவு திரும்பாது, மெஷினில் நாளைத் தள்ளலாம், அவ்வளவுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சம்பா நெல் விற்ற காசு தீர்ந்து, இரண்டு மா நிலத்தை அடமானம் வைத்தாயிற்று. துபாயில் இருக்கும் அண்ணன், 'என்ன செலவானாலும் எடுக்காதே, ஊர் காறித் துப்பும்' என்கிறான். அக்கா, 'குழாயை எடுத்தால் நாமே கொன்ற மாதிரி, கொலை செய்யாதே என்பது ஐந்தாம் கட்டளை' என்று அழுகிறாள். நான் என்ன செய்ய?
பெயர் வேண்டாம், திருக்காட்டுப்பள்ளி

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதுதான் நிலைமை என்றால், வென்டிலேட்டரை எடுப்பது கொலை இல்லை, பாவமும் இல்லை. அக்காவிடம் இந்த வரியை முதலில் படித்துக் காட்டுங்கள். மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

உங்களைத் தேற்றுவதற்காக நானாக இதைச் சொல்லவில்லை. செயற்கைச் சுவாசக் கருவிகள் ஆஸ்பத்திரிகளில் பரவத் தொடங்கியிருந்த 1957ஆம் ஆண்டு நவம்பரில், மயக்க மருந்து டாக்டர்கள் இதே கேள்வியைத்தான் திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பயஸிடம் கேட்டார்கள். உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாள நமக்குக் கடமை உண்டு, நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ பெரும் பாரமாகிவிடுகிற வழிகளைக் கையாளக் கடமை இல்லை என்றார் அவர். நம்பிக்கை இல்லாத நிலையில் குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் கருவியை நிறுத்தலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டார். இன்று கத்தோலிக்கப் போதனைகளின் தொகுப்பான நம் மறைக்கல்வி நூலின் 2278ஆம் எண்ணும் இதையே சொல்கிறது. பலனுக்குப் பொருந்தாத, பாரமான சிகிச்சையை நிறுத்தும்போது நாம் யாரையும் சாகடிக்கவில்லை. தடுக்க முடியாத சாவை ஏற்றுக்கொள்கிறோம்.

பணத்தைப் பற்றி எழுதும்போது 'மன்னிக்கவும்' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தீர்கள். எதற்கு மன்னிப்பு? 1980இல் வத்திக்கான் வெளியிட்ட கருணைக்கொலை பற்றிய அறிக்கை, குடும்பத்தின் மேல் அளவுக்கு மீறிய செலவைச் சுமத்த வேண்டாம் என்று நோயாளி நினைப்பதையும் நியாயமான காரணமாகவே சொல்கிறது. இரண்டு மா நிலத்தை உழுது உங்களை ஆளாக்கிய மனிதர், நினைவோடு இருந்தால் அதை அடமானம் வைக்கச் சொல்லியிருப்பாரா? அவர் என்ன சொல்லியிருப்பார் என்று மூன்று பேரும் சேர்ந்து யோசியுங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அக்காவின் பயத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒரு கொடுமை உண்டு. படுத்துவிட்ட பெரியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி, இளநீரை வரிசையாகக் குடிக்க வைத்து, குளிர்ஜுரத்தில் போக வைப்பது. பாசத்தோடுதான் செய்தோம் என்பார்கள். அது கொலைதான். அங்கே சாவை உண்டாக்குவது அந்த எண்ணெயும் இளநீரும். உங்கள் அப்பாவின் விஷயத்தில் சாவை உண்டாக்குவது ரத்தக்கசிவு. மெஷின் அதற்கு நடுவில் நிற்கிறது, அதை விலக்குகிறீர்கள். அவர் சாக வேண்டும் என்று ஊசி போடச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள் என்றால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் எடுத்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். நம் பக்கத்தில் வழக்கமாக நடப்பது இதுதான்: 'எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம்' என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆம்புலன்சில் ஒருவர், கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வருகிறார். வீட்டு வாசலில் குழாயை உருவிவிட்டு வண்டி கிளம்பிவிடுகிறது. மூச்சுத் திணறலுக்கு மருந்து இல்லை, சளியை எடுக்க ஆள் இல்லை, திண்ணை நிறையச் சொந்தக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப் போன பலரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். எடுப்பதற்கு முன்பே திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுங்கள், வீட்டுக்குப் போவதென்றால் மருந்தையும் எழுதிக் கொடுத்து, பார்க்க ஒரு நர்ஸையும் ஏற்பாடு செய்யுங்கள் என்று டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியின் வலி நிவாரணப் பிரிவிலும் விசாரியுங்கள். உடம்பைத் துடைப்பது, வாயை ஈரப்படுத்துவது, புரட்டிப் படுக்க வைப்பது, இவை எதையும் நிறுத்தக் கூடாது. குழாய்வழி உணவும் தண்ணீரும் அப்படித்தான். உடம்பு ஏற்கும் வரை அது அடிப்படைக் கவனிப்பு என்று 2004இல் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் தெளிவாகச் சொன்னார். உடம்பு ஏற்காமல் வயிறு உப்பி நுரையீரலுக்கு ஏறுகிறது என்றால் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

சட்டம்? 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிமையாக்கியது. ஆஸ்பத்திரி இரண்டு மருத்துவக் குழுக்களைக் கூட்டி எழுத்தில் முடிவெடுக்க வேண்டும். பல இடங்களில் இது தெரியாமல்தான் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

அண்ணனுக்கு வருகிறேன். ஊர் துப்பும் என்கிறார். மனசாட்சி என்பது மனிதன் கடவுளோடு தனியாக இருக்கும் உள்ளறை என்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்கிறது. ஊர்ப்பேச்சுக்கு அந்த அறையில் இடம் கிடையாது. ஆனால் அவர் கோபத்தைப் பாருங்கள், அப்பா கையைத் தொட முடியாத தூரத்தில் இருக்கிற மகனின் தவிப்பு அது. முடிந்தால் அவர் வந்து சேரும் வரை காத்திருங்கள். விடுப்பு கிடைக்காவிட்டால் வீடியோவில் அப்பாவின் காதருகே பேச வையுங்கள். பங்குச் சாமியை இன்றைக்கே அழைத்து, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயிற்பூசுதல் கொடுங்கள். அவஸ்தைப் பூசுதல் என்று சொல்லிச் சொல்லியே, மூச்சு நின்ற பிறகு சாமியைத் தேடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது உயிரோடு இருப்பவருக்கான அருட்சாதனம்.

கேள்வி: அம்மாவுக்கு வாய்ப் புற்றுநோய். வெற்றிலை புகையிலைப் பழக்கம். மார்பின் மாத்திரை கொடுத்தால், 'ஆண்டவர் சிலுவையில் பட்டதை விடவா?' என்று துப்பிவிடுகிறார். இரவெல்லாம் முனகுகிறார். வற்புறுத்தலாமா?
ஒரு மகள், அய்யம்பேட்டை

பதில்: அம்மாவின் பக்தியை நான் வணங்குகிறேன். வெள்ளைப்போளம் கலந்த திராட்சை ரசத்தைக் கொடுத்தபோது ஆண்டவர் குடிக்கவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அம்மா நினைப்பது அதைத்தான். தன் வலியை ஒப்புக்கொடுக்க ஒருவர் தானாகத் தீர்மானித்தால் திருச்சபை அதை மதிக்கிறது. ஆனால் எல்லாரும் அப்படி வீரத்தோடு தாங்கியாக வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. வலி மருந்தால் ஆயுள் கொஞ்சம் குறையலாம் என்றாலும், வலியைத் தணிக்கும் நோக்கத்தில் கொடுக்கலாம் என்று 1957லேயே பன்னிரண்டாம் பயஸ் சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வலியில் செபமாலை ஒரு பத்து மணியாவது சொல்ல முடிகிறதா? பெரும்பாலும் முடியாது. வலி தணிந்தால் செபிக்கலாம், பேசலாம், நற்கருணை வாங்கலாம். என் அனுபவத்தில் பலரும் இந்த இடத்தில்தான் இறங்கி வருவார்கள். இன்னொன்றையும் விசாரியுங்கள். 'மார்பின் கொடுத்தால் கதை முடிந்தது' என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். பக்தி என்று நாம் நினைப்பது சில நேரம் வெறும் பயம்தான். டாக்டர் சொன்ன அளவில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சரியாகக் கொடுத்தால் அது ஆளை அடிமையாக்காது. மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். மார்பின் தட்டுப்பாடாக இருந்த காலம் உண்டு. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. வற்புறுத்தி வாயில் திணிக்காதீர்கள். அம்மாவே வாயைத் திறக்கும்படி பேசுங்கள்.

கேள்வி: கல்யாணமாகி எட்டு வருஷம். பூண்டி மாதாவுக்குத் தொட்டில் கட்டினோம், வேளாங்கண்ணிக்கு நடந்தோம். இப்போது டெஸ்ட் டியூப் முறைக்குப் போகச் சொல்கிறார்கள். பங்குச் சாமி கூடாது என்கிறார். 'என் பிள்ளைக்கு டெஸ்ட் எதற்கு, குறை உன்னிடம்தான்' என்று மாமியார் சொல்கிறார். வளைகாப்புக்குக்கூட என்னை யாரும் கூப்பிடுவதில்லை.
பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: மகளே, உன் கடிதத்தின் கடைசி வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு பெண்ணின் மாண்பை அவள் கர்ப்பப்பையில் கொண்டுபோய் வைக்கிற ஊர்களில்தான் நாம் இருக்கிறோம். கோயிலுக்கு வருகிறவர்களும் இதைச் செய்கிறார்கள். மனித மாண்பு எந்த நிலையிலும் குறையாதது என்று 2024இல் திருச்சபை தனியாக ஒரு ஏடே வெளியிட்டது. உன்னை வளைகாப்புக்கு அழைக்காதவர்கள் அதற்கு எதிராகத்தான் நடக்கிறார்கள்.

முதல் வேலை, உன் கணவர் விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குழந்தையின்மைக்கு ஆணும் சரிபாதி காரணமாக இருக்கலாம். சுலபமான, செலவு குறைந்த பரிசோதனை. அதைச் செய்யாமல் உனக்கு ஊசி மேல் ஊசி போடுவது அநியாயம்.

டெஸ்ட் டியூப் முறையைத் திருச்சபை ஏற்பதில்லை. 1987இலும் 2008இலும் இதற்கென்றே வந்த ஏடுகள் காரணத்தைச் சொல்கின்றன. பிள்ளை என்பது கணவன் மனைவியின் அன்பின் கொடையாக வர வேண்டும், ஆய்வுக்கூடத்தில் தயாராகும் பொருளாக வரக் கூடாது என்பது ஒன்று. எனக்கு அதைவிட மனசை உறுத்துவது இரண்டாவது. ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை எடுத்துப் பல கருக்களை உருவாக்குகிறார்கள். ஒன்றோ இரண்டோ உள்ளே வைக்கப்படும், மீதி உறைநிலையில் கிடக்கும். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ஆண்டு வரை வைத்திருக்கலாம், அதற்குப் பிறகு அழிய விடலாம் அல்லது சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். அந்தக் கருக்கள் உன் பிள்ளைகள் என்று திருச்சபை நம்புகிறது. நானும் நம்புகிறேன். இதை எந்த ஆஸ்பத்திரியும் கவுன்சலிங்கில் இந்த மாதிரி எடுத்துச் சொல்லாது, அதனால் நான் சொல்கிறேன்.

எல்லாச் சிகிச்சையும் கூடாது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. தைராய்டு, நீர்க்கட்டி, கருக்குழாய் அடைப்பு, கணவருக்கு விதைப்பை நரம்பு வீக்கம், இவற்றுக்கு மருந்தோ ஆபரேஷனோ தாராளமாகச் செய்யலாம். கருமுட்டை வெளிவரும் நாளைக் கண்டுபிடித்துத் திட்டமிடலாம். தாம்பத்தியத்துக்குத் துணைசெய்வது எதுவும் சரி, அதன் இடத்தையே பிடித்துக்கொள்வதுதான் பிரச்சினை.

ஏற்கனவே அந்த முறையில் பிள்ளை பெற்றவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள். உங்கள் குழந்தைக்கும் என் கையில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கும், ஆமாம், ஆபத்து நேரத்தில் நர்ஸ்கள் நாங்களும் கொடுப்பதுண்டு, கடவுள் முன்னால் எள்ளளவும் வித்தியாசமில்லை. 1978 ஜூலையில் உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தபோது, வெனிஸ் நகரின் கர்தினாலாக இருந்த அல்பினோ லூச்சியானி அந்தக் குழந்தையை வாழ்த்தினார். பெற்றோரைக் கண்டனம் செய்ய எனக்கு உரிமையில்லை என்றார். முறையைப் பற்றிய திருச்சபையின் தயக்கத்தையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த மாதமே திருத்தந்தை முதலாம் ஜான்பால் ஆனவர் அவர்தான். அவர் பேசிய விதத்தில் நாமும் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

தத்து எடுப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். மடத்தில் கேட்டால் சிஸ்டர்கள் குழந்தை கொடுப்பார்கள் என்று இன்னமும் பலர் வந்து நிற்கிறார்கள். கொடுக்க முடியாது, சட்டப்படி குற்றம். மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் இருவரும் பதிவு செய்ய வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் உதவுவார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் 'வேற வழியில்லாமல் தத்து' என்கிற மனநிலையோடு போகாதே. அந்தப் பிள்ளைக்கு நீ முதல் விருப்பமாக இருக்க வேண்டும், அவளும் உனக்கு.

கேள்வி: நான் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிறேன், வயது 24. கருக்கலைப்புக்கு டேபிளில் உதவி செய்யச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றால் வேலை போய்விடும். படிப்புக் கடன் இருக்கிறது. கலைப்புக்குப் பிறகு அந்தப் பெண்களைக் கவனிப்பதும் பாவமா?
ஒரு நர்ஸ், மயிலாடுதுறை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். பாவமில்லை பாப்பா, அது உன் கடமை. ரத்தப்போக்கைப் பார்ப்பது, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பது, கையைப் பிடிப்பது, முகம் சுளிக்காமல் இருப்பது. அந்தப் பெண்ணை யார் மிரட்டிக் கூட்டிவந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ், இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு அளிக்கும் அதிகாரத்தை எல்லா குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்தார். கேட்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல். படுக்கையில் படுத்திருப்பவரிடம் பிரசங்கம் வேண்டாம்.

செயலில் நேரடியாகப் பங்கெடுப்பது வேறு. அதை மறுக்கக் கடமை இருக்கிறது என்று 1995இல் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலில் இரண்டாம் ஜான்பால் எழுதினார். அப்படி மறுப்பவருக்குத் தண்டனையோ நஷ்டமோ வரக் கூடாது என்றும் எழுதினார். அது நம் நர்சிங் ஹோம் முதலாளிகளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் டேபிள் பக்கத்தில் நின்றுகொண்டு மறுக்காதே, நோயாளிக்கு ஆபத்து. இன்றைக்கே மேட்ரனிடம் எழுதிக் கொடு: இந்த வேலை மட்டும் வேண்டாம், பதிலாக இரவு டியூட்டியோ பிரசவ வார்டோ எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கிறேன் என்று. உண்மையாகவே கூடுதல் வேலை பார்த்துக் காட்டு. நல்ல நர்ஸை அவ்வளவு சுலபமாக யாரும் விடமாட்டார்கள். அப்படியும் வெளியே அனுப்பினால் உன் மறைமாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் விசாரி. எங்களைப் போன்ற சபைகளும் உதவ வேண்டும். வேலை போகும் என்று தெரிந்தும் நிற்கச் சொல்லிவிட்டு, பிறகு கண்டுகொள்ளாமல் இருக்க எங்களுக்கு உரிமையில்லை.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள். கரு தானாக இறந்துபோன பிறகு கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது கருக்கலைப்பு இல்லை. கருக்குழாயில் கரு தங்கி வெடிக்கும் நிலையில் குழாயை அகற்றுவது தாயின் உயிரைக் காப்பது. இவற்றில் தயங்கி நின்றால் அந்தத் தயக்கம்தான் தவறு. ஸ்கேன் அறையில் ஆணா பெண்ணா என்று யாராவது கண்ஜாடையில் சொன்னால், 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அங்கே வாயை மூடிக்கொண்டிருக்காதே.

கேள்வி: என் கணவர் கண்தானம் எழுதி வைத்திருக்கிறார். இறந்தவர்கள் உயிர்த்தெழும் கடைசி நாளில் கண் இல்லாமல் எப்படி எழுந்திருப்பார்?
ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, 2004 சுனாமியில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி கரையில் எத்தனை பேரை இழந்தோம்! எத்தனையோ பேரின் உடம்பே கிடைக்கவில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறோமே, அவர்கள் உயிர்க்க மாட்டார்கள் என்று நீங்கள் ஒரு நாளாவது நினைத்ததுண்டா? தீயில் வெந்த வேதசாட்சிகளும் இருக்கிறார்கள். ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவருக்கு இரண்டு கண் பெரிய விஷயமில்லை. உறுப்பு தானம் உன்னதமான செயல் என்று மறைக்கல்வி நூல் 2296ஆம் எண்ணில் சொல்கிறது. விற்பதுதான் கூடாது, 1994 முதல் நாட்டுச் சட்டமும் அதைத் தடுக்கிறது. மூளைச்சாவு அடைந்து உறுப்புகளைத் தருபவர்களுக்கு 2023 முதல் தமிழ்நாட்டில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது.

தேசியக் கண்தான இருவாரம் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை. வேளாங்கண்ணித் திருவிழாவும் ஆகஸ்ட் 29 தொடங்கி அதே செப்டம்பர் 8இல் முடிகிறது. கொடியேற்றத்துக்குப் போகிற, பங்கின் சிறு குழுக்களான அன்பியத்தார் அந்தப் பதினைந்து நாளில் கண்தானப் படிவமும் நிரப்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வருஷா வருஷம் பங்குகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது. நேரம் வரும்போது வீட்டில் ஒருவர் போன் செய்ய வேண்டும், அது நீங்களாகத்தான் இருக்கும். உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தலைக்குத் தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். கண் வங்கி ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், முகம் கெடாது. உங்கள் கணவர் கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை உள்ளவர் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் தடையில்லை. கண் வங்கியின் நம்பரை இப்போதே காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள், உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.